இடது பொத்தான்

குன்னூர் பெட்ஃபோர்டில்
ஒரு மாடிப்படிக்கு அடியில் என் கடை.
நிமிர்ந்தால் தலை இடிக்கும்.
அதனால் வருகிறவர்கள் எல்லோரும்
கொஞ்சம் குனிந்தேதான் விலை கேட்கிறார்கள்.

பழைய போன், பழைய சார்ஜர்,
கையில் வைத்து ஆடும் கேம் கருவிகள்.
சிலிக்கா பொட்டலங்களுக்கு நடுவே
மழைக்காலப் பூஞ்சைக்குத் தப்பியவை.

எது நல்லது என்று கேட்டால்
ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆடுவீர்கள் என்பேன்.
வெறிகொண்டவனுக்குப் பெரியது:
அகலத் திரை, இரண்டு பக்கமும் ஜாய்ஸ்டிக்,
உள்ளே ஒரு விசிறி,
மடியில் வைத்தால் பூனை போலச் சூடு.
பொழுது போகாதவருக்குச் சின்னது:
சட்டைப்பையில் போகும், இருநூறு பழைய ஆட்டம்,
பர்லியார் வளைவில் வயிறு புரண்டால்
நிறுத்திவிட்டு
வெலிங்டன் தாண்டித் தொடரலாம்.

பதினோரு வருடம் இந்தக் கணக்கில்தான்
வாடகை கட்டினேன்.

அதிகரட்டி கிருபாகர் போஜன்
கேரட் விற்ற காசோடு வந்தான்.
நொடிக்கு எத்தனை பிம்பம் என்று கேட்டான்.
எனக்குத் தெரியாததை அவனே சொன்னான்.
பெரியதை ஸ்வெட்டருக்குள் வைத்து
கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு போனான்.

அதே வாரம் புஷ்பராணி.
ஆஸ்பத்திரியில் இரவு வார்டு ஆயா.
"சத்தம் வராததா ஒண்ணு குடுங்க,
மூணு மணிக்கு மேல கண்ணு சொக்குது."
அறுநூறு ரூபாய்க்குச் சின்னது.
பொழுதுபோக்கு என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

நாலு மாதத்தில் வந்தாள்,
இடது பொத்தான் அழுந்தவில்லை என்று.
ஆறு மாதத்தில் மறுபடி.
மூன்றாம் முறை நான் கேட்டேன்,
"இடது மட்டும் ஏன்?"

"எல்லாக் கட்டையையும் இடப்பக்கம் அடுக்குவேன்.
வலது ஓரத்துல ஒரு சந்து மட்டும் விட்டு வைப்பேன்,
நீளக்கட்டை வர்ற வரைக்கும்."
இருநூறில் ஒரே ஆட்டம்.
கம்பளிக் கையுறையில்
கட்டைவிரலுக்கு மட்டும் ஓட்டை வெட்டியிருந்தாள்.

ஸ்க்ரூவைத் திருகப் போனேன்.
"பேட்டரிய மட்டும் கழட்டாதீங்க.
கழட்டினா எண்ணிக்கை அழிஞ்சிடும்."

உயிரோடு இருக்கிற ஒன்றைத் திறந்து
கிழிந்த ரப்பரை எடுத்துப் புது ரப்பர் வைத்தேன்.
இந்தக் குளிரில் என் நெற்றியில் வேர்வை.
என் கையை அவள் பார்க்கவேயில்லை,
திரையின் மூலையில் இருந்த ஆறு இலக்கத்தையே
ஒரு சொட்டு மருந்து மாதிரி
பார்த்துக்கொண்டு நின்றாள்.

எண் போகவில்லை.
காசு வாங்க எனக்கு வாய் வரவில்லை,
அவளே எண்ணி வைத்தாள்.

கிருபாகர் தை மாதம் பெரியதைத் திருப்பிக் கொண்டுவந்தான்.
மேல் உறைத்தாள்கூட உரிக்கவில்லை.
ஒரு ஆட்டம், பன்னிரண்டு சதவீதம்.
"நல்லதுதாண்ணே. உக்கார முடியல."
பாதி விலைக்கு எடுத்தேன்.

புஷ்பராணிக்கு அதைத் தவணையில் தருவதாகச் சொன்னேன்.
வாங்கி, மடியில் வைத்து,
நாலு நிமிடம் பேசாமல் இருந்தாள்.
"இந்தச் சூட்டுக்கு
நான் தூங்கிடுவேன் சார்."

ஆகவே அது இன்னும் இங்கேதான்.
ஷட்டர் உயர்த்தும்போது மூடுபனி
எனக்கு முன்னால் உள்ளே வந்துவிடுகிற காலைகளில்
அதை ஓட விட்டு
இரண்டு கையையும் பின்புறம் வைத்துக்கொள்கிறேன்.
தொடங்க ஏதாவது ஒரு பொத்தானை அழுத்து
என்கிறது திரை.
விரல் விறைப்பு விடட்டும் என்கிறேன்.