இருபத்து மூன்று பேரின் பசு

கடலிலிருந்து ஐம்பது தப்படி
அரசாங்கத்துக்கு என்று
எந்தக் காலத்திலோ ஒரு பிரெஞ்சுக்காரன்
நடந்து அளந்துவிட்டுப் போனான்.
நெட்டைக் காலோ குட்டைக் காலோ,
எங்கள் குறிப்பேடு அதன் மேல்தான் நிற்கிறது.

முதல் பக்கம், 1954.
ரியாம்பெல் கடலோர மேய்ச்சல் கூட்டுறவுச் சங்கம்.
உறுப்பினர் நாற்பத்தொன்று. பங்கு இரண்டு ரூபாய்.
ஆளுக்கு ஐந்து மாடு, ஆறாவது கூடாது.
கைநாட்டுகள் நீலமாக,
சில சாணம் பட்டுப் பழுப்பாக.

மூன்றாம் பக்கத்திலேயே ஆறாவது வந்துவிட்டது.
மர்தேமுத்து சொன்னதாக எழுதியிருக்கிறது:
"அது கன்று. கன்று மாடாகாது."
பின்னே எப்போது ஆகும் என்று
இரவு பத்தரை வரை பேசிக் கலைந்திருக்கிறார்கள்.
தீர்மானம் இல்லை.
தேநீர்ச் செலவு அறுபது சதம்.

அறுபதாம் ஆண்டுக்கு ஒரே வரி:
"புயலுக்குப் பின் எண்ணினோம். பத்தொன்பது."
முந்தைய எண்ணிக்கையை
யாரோ அழுத்தி அடித்திருக்கிறார்கள்.
தாளின் பின்புறம் விரலால் தடவினால்
இன்னும் தட்டுப்படும்,
நூற்று எண்பத்தாறு.

பிறகு பால்மாவு டின்கள்.
பிள்ளைகள் துணி ஆலைக்குப் போனார்கள்.
மேற்கே ஒரு ஹோட்டல், கிழக்கே ஒன்று,
நடுவில் எங்கள் சவுக்கு மரங்களும் கோரைப்புல்லும்.

நான் காரியதரிசியானபோது மாடு நான்கு.
(தேவகுஞ்சரி சினாப்பென்,
ஆலையில் பொத்தான் கணக்கு எழுதியவள்.)
கோமாரி வந்த வருடம்
ஒரு லாரி வந்து நான்கையும் ஏற்றிப் போனது.
ரசீதை ஒட்டிவைத்திருக்கிறேன்.

குத்தகைப் பத்திரம், ஒன்பதாம் பிரிவு:
பன்னிரண்டு மாதம் மேய்ச்சல் இல்லையெனில்
நிலம் திரும்ப எடுக்கப்படும்.
பதினோராம் மாதம்
ஹோட்டல்காரர் ஒருவர் கேக் பெட்டியோடு வந்தார்.
கேக்கைச் சாப்பிட்டோம்.
மறுநாள் ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு போட்டு
ஒரு பசு வாங்கினோம்.
வால் மட்டும் எனக்குப் போதும் என்றார் ராம்தொஹல்,
ஈ ஓட்ட.
மாரி-க்ளேர் மடியைக் கேட்டாள்.
கயிறு பிடிக்கும் முறைக்கு
நான் பட்டியல் போட்டேன்.
ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

பன்னிரண்டாம் மாதம் அதிகாரி வந்தார்.
படிவத்தில் "கால்நடை எண்ணிக்கை": ஒன்று.
"உரிமையாளர் பெயர்" என்பதற்கு
ஒரு வரிதான் விட்டிருந்தார்கள்.
பக்கத்தைத் திருப்பி
இருபத்து மூன்றையும் எழுதி முடித்து நிமிர்ந்தால்
வேலிக்குள் கழுத்தை நுழைத்து
ஹோட்டல் புல்லைத் தின்றுகொண்டிருக்கிறாள்.

அதிகாரி பேனாவை எடுத்தார்.
நான் பின்னங்கால்களைக் காட்டினேன்.
அவை எங்கள் பக்கம்.