பூஜ்யமாவது பொருள்

குட்டைசியில் பனி ஒழுங்காகக்கூடப் பெய்யவில்லை,
சொதசொதவென்று கிடக்கிறது தெரு.
மாக்வலாவின் நிரல் மூன்றே வரி:
நூலகத்தை அழை,
ஆங்கிலச் சொல்லைக் கொடு,
வரும் பட்டியலில் பூஜ்யமாவதை எடு.

பேங்க் என்றாள்;
ஆற்றங்கரை என்றது.
ஜன்னலுக்கு வெளியே ரியோனியைப் பார்த்துச் சிரித்தாள்.

லிம்ரிக்கில் யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டிவிட்டு
இரவல் போனில் அக்கா அனுப்பியிருந்தாள்:
ஐ ஆம் ஃபைன்.
அதில் ஜார்ஜிய எழுத்து இல்லையாம்.

விளையாட்டாகத்தான்
கடைசிச் சொல்லை உள்ளே போட்டாள்.
திரையில் வந்தது:
தண்டமாகக் கட்டும் பணம்.

நலம் எங்கோ கீழே இருந்தது.
ஒரு எண்ணை மாற்றினால் போதும், பிழை சரியாகிவிடும்.
விசைமேல் விரலை வைத்தபடி
அடகுக்கடைக்கென்று அக்கா இதுவரை அனுப்பியதைக்
கூட்டிக்கொண்டிருக்கிறாள்.