ஓசையில்லாத நெஞ்சு

ஆடியில் காற்று நிற்காது ஆரல்வாய்மொழியில்.
நின்றுவிட்டால் ஊருக்கே உறக்கம் வராது.
முப்பந்தல் வரைக்கும் காற்றாடிகள்
கையை விரித்தபடி நிற்கும்
விடை தெரியாமல் எழுந்துவிட்ட பிள்ளைகளாக.

நான் அப்படி இரண்டு தடவை நின்றிருக்கிறேன்.
பிஷ்கேக்கில் ஆறு வருசம் படித்த மருத்துவம்
தில்லிக்காரன் பரீட்சையில்
முந்நூற்றுக்கு நூற்று நாற்பத்தேழு.
அந்த மூன்று மார்க்கும்
நுரையீரலில்தான் போயிருக்கும்.

சாயங்காலம் ஐந்திலிருந்து பத்துவரை
தாணு அண்ணன் மருந்துக்கடையில் பில் போடுகிறேன்.
கல்லாவுக்குக் கீழே புத்தகம்.
நெஞ்சுக்கூட்டில் காற்று புகுந்து அடைத்தால்
மூச்சுக்குழல் எதிர்ப்பக்கம் ஒதுங்கும்.
நுரையீரல் சுருங்கி விழுந்தால் தன்பக்கம் இழுக்கும்.
சொத்து வழக்கு மாதிரிதான்,
வீங்கினவன் தள்ளுவான்
இளைத்தவன் பிடித்துத் தொங்குவான்.
மேல்மடலில் கல்தூசு, கீழ்மடலில் கல்நார்.
புறா வளர்ப்பவர், கரும்புச் சக்கை அள்ளுபவர்,
ஐம்பத்திரண்டு வயது ஆண், முப்பது வருசப் பீடி...
கேள்வித்தாளில் ஒருவருக்கும் பெயர் கிடையாது.

பூதலிங்கத்துக்கு நாற்பத்தொரு வயது.
தோவாளைச் சந்தையில் பூமூட்டை இறக்குகிறவர்.
கேந்தியா கொழுந்தா பிச்சியா,
எது தனக்கு ஆகாது என்று அவர் பார்த்ததில்லை.
பார்த்து என்ன செய்ய.

காற்று நின்ற அந்த இரவு ஒன்பதரைக்கு
பகவதி ஸ்கூட்டர் ஓட்ட, அவர் பின்னால்.
தெருமுனையிலேயே விசில் கேட்டது.
தாணு அண்ணன் ஸ்பேசரைத் தேடி
மேல்தட்டைக் கலைத்துக்கொண்டிருக்கும்போது
விசில் நின்றது.

"கேட்டியளா, சத்தம் கொறஞ்சிட்டு.
இனி சரியாயிரும்."

பகவதி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.
எனக்கோ உள்ளங்கை சில்லிட்டது.
கழுத்தெலும்புக்கு மேலே இரண்டு குழி
ஒவ்வொரு இழுப்புக்கும் ஆழமாகின்றன.
தண்ணீர் என்று கேட்க வந்தவர்
'தண்' என்பதோடு விட்டுவிட்டார்.

ஸ்டெதஸ்கோப் வீட்டில், பெட்டிக்குள்ளே.
ரிசல்ட் வந்த நாளிலிருந்து தொடவில்லை.
காதை அவர் முதுகில் வைத்தேன்.
வியர்வை, பிச்சிப்பூ வாசம்.
வேறொன்றுமில்லை.
காற்றாடி ஒன்றுகூடச் சுற்றவில்லை.

சட்டப்படி நான் டாக்டர் இல்லை.
நூற்றெட்டுக்குப் பேசிய குரலை மட்டும்
என்னுடையது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.
"மூச்சுச் சத்தமே கேட்கவில்லை.
ஆக்சிஜனோடு வாங்க. ஆசாரிப்பள்ளம் போகணும்."
வண்டி வரும்வரை அவரை நிமிர்த்தி உட்காரவைத்து
பஃப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பகவதிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மார்கழியில் பரீட்சை.
தொண்ணூற்றொன்றாம் கேள்வி:
இருபத்தெட்டு வயதுப் பெண், கடும் இழுப்பு,
ரத்தத்தில் கரியமிலவாயு நாற்பது. இயல்பு அளவு.
முதல் விடை: நோயாளி தேறிவருகிறார்.
இரைக்க இரைக்க அது குறைந்திருக்க வேண்டும்,
நாற்பது என்றால் மார்பு களைத்துவிட்டது.
கேள்விக்கு ஒரு நிமிடம்தான்.
நான் நான்கு நிமிடம் அந்தப் பெண்ணோடு இருந்தேன்.
அவளுக்குப் பெயர் வைக்கப் பார்த்தேன்.

ரிசல்ட்டைப் பற்றிப் பிறகு.
சொல்ல வந்தது ஆடியிலேயே,
டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் நடந்தது.
பூதலிங்கம் தானாகவே நடந்து வந்தார்.
மாத்திரை அரை அட்டை வாங்கினார்.
ஆஸ்பத்திரியில் கொடுத்த இன்ஹேலரைக்
கல்லாமேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.
"இது பழக்கமாயிரும் பிள்ளே. வேண்டாம்."

இதற்கு நான்கு விடைகள்
எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.
மூடியைத் திறந்தேன்.
"முதலில் குலுக்கணும்" என்றேன்.
"பிறகு மூச்சை முழுசா வெளியே விடணும்."
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
தாணு அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.
வெளியே காற்று எடுத்துவிட்டது,
தகரம் கிடுகிடுத்தது.
"முழுசா" என்றேன்
சத்தத்துக்கு மேலே.