ஒரு சாணும் நாலு விரலும்

ஜெலாட்டின் காய்ச்சியது நான்தான்.
ஞாயிறு இரவு, ஷெரிஃப் அலுவலகத்தில் யாருமில்லாதபோது,
பன்றித்தோல் தூளைக் குளிர்நீரில் ஊறவைத்து
கொதிக்கவிடாமல், கட்டி தட்டாமல், நுரை வழித்து.
பிறந்தநாளுக்குச் செய்யும் அதே பக்குவம்,
நிறமும் எசன்ஸும்தான் இல்லை.

இரண்டு நாள் குளிர்பெட்டியில்
யாரோ மறந்த வான்கோழி சாண்ட்விச்சின் பக்கத்தில்
உறைந்து கிடந்தது
ஒரு மனிதனின் நடுவுடம்பு.
'தொடாதே' என்று சீட்டு ஒட்டினேன்.
அதன் கீழே யாரோ கிறுக்கியிருந்தார்கள்:
'க்ரீம் எங்கே?'

செவ்வாய்க்கிழமை, குப்பைமேட்டுக்குப் பின்னால் சுடுதளம்.
வயோமிங் காற்று காதைக் கடித்தது.
கட்டிமேல் நாலு மடிப்பு ஜீன்ஸ் துணி போர்த்தினோம்,
இங்கே ஊரே அதைத்தானே உடுத்துகிறது.
ஒன்பது மில்லிமீட்டர், நாற்பது, நாற்பத்தைந்து.
மூன்றிடமும் கேட்டது ஒன்றுதான்:
சாணுக்கு மேல் நாலு விரல் உள்ளே போ,
முழத்தைத் தாண்டாதே.
தாண்டினால்
அது பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கு.

டெல்பர்ட் ஓஸ்காம்ப் நாற்பத்தைந்தின் ஆள்.
"பெரிய ஓட்டை பெரிய ஓட்டைதான்."
தனி அனுமதி வாங்கி
இருபத்தாறு வருஷம் இடுப்பில் சுமந்து
வலப்பக்கம் சாய்ந்தே நடப்பவர்.
மனிதர்மேல் ஒருமுறையும் சுட்டதில்லை.

மற்றவர்களுக்கெல்லாம் நாற்பது.
அது உதைக்கிற உதையில்
நோரீன் ஹாஃப்லண்டின் மூன்றாவது குண்டு எப்போதும்
அட்டைக்காரனின் தோளைத் தாண்டி
மண்மேட்டில் போய்ப் புதையும்.
'கவனக்குறைவு' என்று எழுதினோம்.
அடுத்த வருஷமும் எழுதினோம்.
அவள் கை சின்னது,
அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

அன்று ஒன்பதைக் கொடுத்தோம்.
ஐந்து குண்டும்
ஒரு காபிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கின.
அவள் சிரிக்கவில்லை.
காதுமூடியைக் கழற்றாமலே
"ஆறு வருஷம்" என்றாள்,
காது மூடியவர்கள் பேசுகிற உரத்த குரலில்.

கட்டியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தோம்.
உள்ளே மூன்று பாதைகள்,
ஏரிப் பனிக்கட்டியில் சிக்கிய குமிழிகள்போல.
டெல்பர்ட் அளவுகோலை வைத்தார்,
மூக்குக்கண்ணாடி மாட்டி மறுபடி வைத்தார்.
சீட்டைப் பார்க்காமல்
எது தன் ஓட்டை என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"இதுக்குள்ளே எலும்பு இல்லையே" என்றார் கடைசியில்.
குறித்துக்கொண்டேன்.
இதற்குக் கையும் இல்லை,
கையில் இருப்பது கைபேசியா என்று
இருட்டில் கண் சுருக்க வேண்டியதும் இல்லை.
அதைக் குறிக்கவில்லை.

ஒன்பது என்று முடிவாயிற்று.
பெட்டிக்குப் பதினோரு டாலர் மிச்சம்
என்பதில் கவுண்டி பொருளாளருக்கு மகிழ்ச்சி.

போன வருஷம் பணியில் நாங்கள் சுட்டது
பதினேழு குண்டு.
பதினேழும்
நெடுஞ்சாலையில் இடுப்பொடிந்து கிடந்த மான்களுக்கு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் உண்டு.
'காரணம்' என்ற இடத்தில் எல்லாரும்
'வாகன மோதல்' என்று எழுதுவோம்.
நோரீன் மட்டும் 'இனி எழாது' என்று எழுதுவாள்.

அன்றிரவு ஈயத்தைப் பொறுக்கிவிட்டுக் கட்டியை உருக்கினேன்.
அடுத்த சோதனைக்கு ஆகும்.
ஓட்டைகள் எந்த நொடியில் மறைந்தன என்று
பார்த்துக்கொண்டே இருந்தும்
தெரியவில்லை.

டெல்பர்ட் புதியதை மாட்டிக்கொண்டார்.
எடை குறைவுதான்.
ஆனாலும் அந்தப் பக்கமே
சாய்ந்து நடக்கிறார்.