குவளைக் கணக்கு

ஒன்பதேகால் மணிக்குச் சொல்கிறாள் கிஷாந்தினி,
பல் துலக்கிக்கொண்டே, வாய் நிறைய நுரையோடு:
"ம்மா, நாளைக்கு ஸ்கூலுக்கு கேக் கொண்டுட்டு வரச் சொன்னாங்க."
எப்போது சொன்னார்கள்?
"திங்கக்கெழம."
இன்று வியாழன்.

ரெலாவ், பதினோராவது மாடி.
கேக் சாமான் கடை ஏழு மணிக்கே மூடியிருக்கும்.
வீட்டில் இருப்பவை:
கறுத்துத் தொய்ந்த ஐந்து பிசாங் மாஸ்,
முட்டை மூன்று, அதில் ஒன்று விரிசல்,
ரப்பர் வளையம் போட்ட மாவுப் பொட்டலம்,
போன வருட போனஸில் வாங்கிய அவன்.
மற்ற அவன்
இந்நேரம் லாரியில் ஈப்போவைத் தாண்டியிருப்பான்.
வெள்ளிக்கிழமைதான் வருவான்.
இந்த அவன் வயிற்றுக்குள் கிடந்த
தண்ணீர் பில், கரண்ட் பில், தோசைக்கல்,
காணாமல் போன ரிமோட்
எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்.

பாயான் லெப்பாஸில்
பகலெல்லாம் உருப்பெருக்கியில் கண் பதித்து
தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்கு
பிசகினாலும் பிடித்துவிடுகிறவள் நான்.
வீட்டில் எனக்கு ஒரே அளவைதான்,
காதுடைந்த மைலோ குவளை.
மாவு ஒரு குவளை, தலை தட்டி.
சீனி அரைக் குவளை,
பழம் இனித்தால் அதிலும் ஒரு விரல் குறைத்து.
எண்ணெய்,
குவளைப் படத்தில் பந்து உதைக்கிறானே பையன்,
அவன் முட்டி வரைக்கும்.

பழத்தை முள்கரண்டியால் நசுக்க
அந்த வாசனைக்கு எழுந்து வந்துவிட்டான் ரிஷிகேசன்.
போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு
அவன் முன்னால் சப்பணமிட்டான்,
கார்ட்டூன் ஓடுவது போல.

சூடேறும் பத்து நிமிடத்தையும் விடுவதற்கில்லை.
நாளை ராத்திரிக்கான கோழியை
இஞ்சி தட்டி, கிச்சாப் ஊற்றிப் புரட்டி
குளிர்பெட்டிக்குள் தள்ளினேன்.
வேலை விட்டு வந்ததும்
அரிசியோடு சேர்த்து ரைஸ் குக்கரில் போட்டு
பண்டான் இலை ஒரு முடிச்சு,
ஒரு பட்டன்.
உடுப்பு மாற்றி வருவதற்குள் வெந்திருக்கும்.
அந்த ஒரு பட்டனுக்கு நான் கோயிலே கட்டுவேன்.

"எழும்புது... எழும்புது..."
குசுகுசுவென்று சொன்னவன்
கை கொடுக்கத் தோன்றியதோ என்னவோ,
கதவைத் திறந்துவிட்டான்.

ஒரு பெருமூச்சு மாதிரி
நடுவில் இறங்கியது.

கத்தினேன்.
பத்தரை மணிக்குக் கத்தினால்
பன்னிரண்டாவது மாடிக்கும் கேட்கும்.
கக் சாலேஹா
மேலே நாற்காலி நகர்த்துவது எனக்குக் கேட்டது.
அவன் அழவில்லை.
போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டான்.
அதுதான் தாங்கவில்லை.

காயா பாட்டிலைத் திறந்து
முழுவதும் குழிக்குள் வழித்து ஊற்றினேன்.
கரண்டியைப் போர்வைக்குள் நீட்டினேன்.
வெகு நேரம் கழித்து
ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

காலை ஆறே கால், ஃபேக்டரி பஸ்.
ஒரு கன அடிக் காற்றில்
எத்தனை தூசு என்று எண்ணுகிற அறை எங்களுடையது.
வாசலில் ஃபவுசியா நிறுத்தினாள்.
என் காதுக்குப் பின்னால் மாவு.
ஈரத் துணியால் துடைத்துவிட்டு
"கேக்கா?" என்றாள்.
தலைமூடி, முகமூடி, கையுறை, வெள்ளை அங்கி.
கண் மட்டும்தான் வெளியே.
உள்ளே, என் தலைமுடிக்குள்
பழமும் காயாவும் மணந்துகொண்டிருந்தன
மத்தியானம் வரைக்கும்.
அதை எண்ணும் இயந்திரம்
அவர்களிடம் இல்லை.

சாயங்காலம் டப்பா வந்தது,
கழுவாமல், ஓரத்தில் யாருடையதோ விரல் தடத்தோடு.
"டீச்சர் கேட்டாங்கம்மா,
எண்ணெய் எத்தன மில்லி ஊத்துனீங்கன்னு."
நீ என்ன சொன்னாய்?

"பந்து ஒதைக்கிறவனோட முட்டி வரைக்கும்னேன்.
எழுதிக்கிட்டாங்க."