கட்டாக்காலி வரவு

எங்கள் பாதீட்டில் புல்லுக்குத் தலைப்பு இல்லை.
'காணி, கட்டடப் பராமரிப்பு மற்றும் ஏனையவை' என்ற
நீண்ட வரியின் கடைசிச் சொல்லுக்குள்தான்
நாவலடிப் பூங்கா கிடக்கிறது,
மலசலகூட வாளிகளோடும்
மயானக் கேற்றின் பூட்டோடும்.

சோளகம் புழுதி தூக்கி
என் பேரேட்டில் கொட்டும் ஆடி மாதத்தில்
அந்தச் சொல்லும் தீர்ந்துவிடும்.

வாங்குகளுக்குக் குறைவில்லை.
ஸ்காபரோவிலிருந்து ஆறு, ஒஸ்லோவிலிருந்து இரண்டு,
பாரிஸ் நகைக்கடைக்காரர் தந்தது ஒன்று,
மிச்சம் உள்ளூர்.
கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தில்
தோற்றம், மறைவு, உபயம்.
பதினேழு வாங்குகள்.
பத்து மணிக்குப் பிறகு இருந்தால் பொசுக்கும்.

"நிழலுக்கு ஆரும் காசு தரமாட்டினமே?"
தண்ணி ஊத்துகிற அமிர்தநாதர் கேட்டார்.

எழுதிப் பார்த்தேன்.
அன்புடையீர், தாங்கள் விரும்பின்
முப்பது மீற்றர் ஹோஸ் ஒன்றுக்கு,
அல்லது நீரிறைக்கும் மோட்டரின் ஈராண்டு மின்கட்டணத்துக்கு...
ஒரேயொரு பதில் வந்தது:
திறப்புவிழா வைக்கக்கூடியதாக ஏதும் இல்லையா?

சபை அமர்வில்
நுழைவுக்கு இருபது ரூபா என்று ஒருவர் தொடங்க
பூங்கா என்ன தியேட்டரா என்று இன்னொருவர் எழும்ப
தேநீர் வந்தது.

அன்றிரவு மாடுகளும் வந்தன.
கேற்றின் மேற்பிணைச்சலுக்கு
மூன்று விலைகோரல் வேண்டும்; இரண்டுதான் வந்திருந்தது.
ஏழு மாடு, ஒரு நாம்பன் கன்று.
நட்டு நாற்பது நாளான மகிழையும் இலுப்பையையும்
குருத்தோடு முடித்துவிட்டு
வாங்குகளுக்கிடையே படுத்து
அசைபோட்டுக்கொண்டிருந்தன.

விடியப் பிடித்துச் சபைத் தொழுவில் கட்டினார்கள்.
தலைக்கு ஐயாயிரம் தண்டம்.
பற்றுச்சீட்டில் 'கன்று ஒன்று' என்று எழுதிவிட்டு
தின்றதா, தின்னப்பட்டதா என்று
எனக்கே ஒருகணம் மயக்கம்.

மூன்று மாட்டுக்காரி குலநாயகி
தோட்டை அடைவு வைத்து வந்திருந்தாள்.
ஈரமான நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள்.
"மேய்ச்சல் தரவையா கிடந்த நிலம்.
வேலியைப் போட்டுப் பூங்கா எண்டியள்.
இப்ப மேஞ்சதுக்குத் தண்டம் எண்டுறியள்."
நான் கார்பன் தாளை நேராக்கினேன்.

நாற்பதாயிரம்.
எதிர்பாராத வருமானம் என்ற நிரலில் அழகாக நின்றது.
ஒரு கையெழுத்தோடு பூங்காவுக்குத் திருப்பினோம்.
ஹோஸ் வந்தது, பச்சை நிறம், முப்பது மீற்றர்.
புதுக் கன்றுகளும் வந்தன, மரக்கன்றுகள்.
வெறுங்காலோடு நின்று அமிர்தநாதர்
மாடுகளின் காசை
வேர்களுக்குப் பாய்ச்சுகிறார்.

அடுத்த பாதீட்டில் புல்லுக்கென்று
ஒரு தலைப்புக் கேட்டிருக்கிறேன்.
ஆருக்கான புல் என்று எழுத
படிவத்தில் இடமில்லை.

மூன்றாவது விலைகோரல் இன்னும் வரவில்லை.
நினைவூட்டல் அனுப்பவேண்டியது நான்தான்.
அனுப்பவில்லை.
கேற்று சாய்ந்தபடி நிற்கிறது,
ஒரு நாம்பன் நுழையுமளவு.