இடைவேளைக்குப் பிறகு

பதினோரு படத்தில் செத்திருக்கிறேன்,
பத்தில் இடைவேளைக்கு முன்பே.
கிணற்றில் ஒரு தடவை, ரப்பர் ஷீட் மிஷினில் ஒரு தடவை,
மீதியெல்லாம் இருட்டில்,
யாரும் சரியாகப் பார்க்கும் முன்.

"யட்சிக்கு வெளுப்பு வேணும்" என்பார் மேக்கப் சதாசிவன்,
மும்பைப் பெண்ணின் கழுத்தில் பவுடர் ஒற்றியபடி.
"பேய்க்கு நீ போதும் ஜெசிந்தா, செலவே இல்ல."
அந்தச் சிரிப்பைக் களியக்காவிளை வரை
பஸ்ஸில் சுமந்து வருவேன்.
அந்தப் பக்கம் பாண்டிக்காரி.
இந்தப் பக்கம் மலையாளப் படத்துக்காரி.
செக்போஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும்
கறுத்தவள்.

நெய்யாற்றின்கரைப் பெண் ஒருத்தி டைரக்டராக வந்தாள்,
இருபத்தேழு வயசு, காலில் ஹவாய் செருப்பு.
"சேச்சி, இதில நீங்க சாகல."
அப்போ யாரு?
"ஹீரோ. டார்ச்சோட கிணத்தடிக்குப் போறார்ல, அப்பவே."

சாகாமல் நடிப்பது எனக்குப் பழக்கமில்லை.
கதவு கிரீச்சிட்டதும்
முதல் நாள் தானாகவே விழுந்துவிட்டேன்.

கடைசிக் காட்சி, ஏழிலைப்பாலை மரம்.
யட்சியின் உச்சந்தலையில் ஆணி.
எல்லாக் கதையிலும் அடிப்பார்கள்,
நான் பிடுங்க வேண்டும்.
ரப்பர் ஆணிதான், ஆனால் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.
ஏழு டேக்.
வெளியே வந்ததும் யட்சி
சுண்ணாம்பு கேட்கவில்லை.
"அடிச்சவன் பேர் என்ன?" என்று கேட்டாள்.
தமிழும் தெரியாது அவளுக்கு, மலையாளமும் தெரியாது.
ஐந்து படமாகத் தலைவிரித்து நின்றவளுக்கு
யாரோ எழுதிக்கொடுத்த ஒரே வரி அது.
கட் சொன்ன பிறகும்
சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் ஊரில் இரண்டாம் ஆட்டம் பார்த்தேன்.
ஹீரோ டார்ச்சை எடுத்ததும்
பின்வரிசையில் அண்டி ஆபீஸ் பெண்கள்
சிரிக்க ஆரம்பித்தார்கள்.
"போலே, போ" என்றாள் ஒருத்தி,
கொட்டை உடைத்துக் கறையேறிய விரலை நீட்டி.
கடைசியில் நான் தனியே மலையிறங்கும்போது
அந்த வரிசையில் சத்தமே இல்லை.
என் தம்பி எட்வின் மட்டும் முறைத்தான்:
"பேயைப் போயி அவுத்து விட்டுட்டியே."

அவனை விட்டுவிட்டு நடந்தேன்.
புழுக்கம்,
முடியை அவிழ்த்துவிட்டேன், அதற்காகத்தான்.
செக்போஸ்ட் திருப்பத்தில் வழக்கமாக விசிலடிக்கிறவன்
உதட்டைக் குவித்தான், பார்த்தான்,
விளக்குக் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டான்.

நின்றேன்.
"அண்ணே," என்றேன்,
"கொஞ்சம் சுண்ணாம்பு இருக்குமா?"